கணிப்பொறியும் கடன் கணக்கும்

சென்ற ஆனி மாதத்தில், தியாகராய நகரிலுள்ள பட்டுக் கடைகளுக்குச் சேலை மாதிரிகளை எடுத்துக்கொண்டு நாம் சென்னைக்குச் செல்ல நேர்ந்தது. புறப்படும் சமயத்தில் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், மயிலாப்பூரில் உறவினர் வீட்டில் தங்கி அடையாற்றுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் தம் மகளைப் பார்த்து வரும்படி கேட்டுக்கொண்டார். காஞ்சிபுரத்திலே மூன்று தலைமுறையாகத் தறி போடும் குடும்பம் அது. கல்லூரி வாயிலை மிதித்த முதற்பெண் அவள்.

தெப்பக்குளத்துப் படித்துறையருகே அவளைச் சந்தித்தோம். ஊர்ச் செய்தி எல்லாம் விசாரித்த பிறகு, தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். 36,000 ரூபாய் பெறுமான மடிக்கணினி ஒன்றைத் தவணை முறையில் வாங்குவதற்கான விண்ணப்பம் அது. மாதம் 3,360 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கட்டவேண்டும். தந்தையின் கையொப்பம் ஒன்றுதான் பாக்கி.

“நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிதான், பெரியப்பா. நம் ஊரில் மூன்று வட்டி வாங்குகிறார்கள். இது குறைச்சல்தானே?” என்றாள்.

குறைச்சல்தான். மூன்று வட்டிக்கு வாங்கி அசலும் வட்டியும் கட்டாமல் விட்டால், கடன் இரட்டிப்பாவதற்கு இருபத்து நான்கு மாதம் போதும். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 72 என்னும் எண்ணை வட்டி வீதத்தால் வகுத்தால், வட்டிக்கு வட்டி ஏறித் தொகை இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். மாதம் மூன்றானால் 24 மாதம். ஆண்டுக்கு எட்டானால் 9 ஆண்டு. கடன் வாங்கியவனை நசுக்கும் இதே கணக்குத்தான் சேமிப்பவனைத் தூக்கியும் விடுகிறது. கல்லூரியின் மூன்று ஆண்டும் மாதந்தோறும் 500 ரூபாயை 6% வட்டியில் போட்டு வந்தால், போட்டது 18,000. மாதவட்டி சேர்ந்து கைக்கு வருவது ஏறத்தாழ 19,760. தொகை பெரிதன்று என்பார் உளர். ஆனால், முதற்சம்பளம் வருமுன் ஒரு பிள்ளையின் பெயரில் இருபதாயிரம் ரூபாய் இருப்பது சிறிய காரியமா?

அவள் காட்டிய காகிதத்துக்கு வருவோம். “அம்மா, இந்தக் கணக்கை நீயே ஒரு முறை போட்டுப் பார்த்தாயா?” என்று கேட்டோம். கல்லூரியில் கணிப்பொறிப் பாடம் இருப்பதாகவும், ஆனால் அது தனக்குப் பிடிபடவில்லை என்றும், தன்னோடு படிக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது பிறப்பிலேயே வந்தது போலிருக்கிறதென்றும் அவள் சொன்னாள். தறிவீட்டுப் பெண்ணுக்கு அது அந்நியச் சரக்கு என்பது அவள் எண்ணம். இதைத்தான் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். அன்று பிற்பகல் கல்லூரி இல்லையாதலால் அவளையும் அழைத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் புறப்பட்டோம்.

தியாகராய நகர் என்ற பெயருக்கு உரியவரான சர் பிட்டி தியாகராயச் செட்டியார் நெசவுக் குலத்தில் தோன்றியவர் என்பதை அங்குத் துணி எடுக்கும் ஆயிரக்கணக்கானவருள் எத்தனை பேர் நினைக்கிறார்களோ அறியோம். கடையில் நம் சேலை ஒன்றை விரித்து, அதன் கரையில் வரிசையாக நடக்கும் அன்னங்களை அவளுக்குக் காட்டினோம். அந்த அன்னம் எப்படி வருகிறது? அவள் தந்தையின் தறிக்குமேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் ஓர் அட்டை அமர்கிறது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய கொக்கி பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தடைப்படுகிறது. நூல் கிடந்தபடியே கிடக்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. 240 கொக்கி உள்ள பெட்டியானால், ஒவ்வோர் அட்டையும் 240 கேள்விகளுக்கு ‘தூக்கு’ அல்லது ‘விடு’ என்று விடை சொல்லும் ஓலை. இடைப்பட்ட விடை எதுவும் அதற்குத் தெரியாது.

கணிப்பொறியின் அடிப்படையும் இதுவேதான். அதற்குத் தெரிந்தவை ஒன்றும் சுழியமும். துளை உண்டு, துளை இல்லை. இது நாம் உவமைக்காகச் சொல்வதன்று, சரித்திரமே அப்படித்தான். பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அட்டைத் தறியை உருவாக்கினார். அவருடைய அட்டைகளைப் பார்த்துத்தான், இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணித யந்திரத்துக்கு அட்டை வழியே கட்டளையிடலாம் எனக் கண்டார். 1890-இல் அமெரிக்காவின் குடிக்கணக்கை ஹொலெரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். அடையாற்றுக்கு அருகே 1959-இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் ஐ.பி.எம். 370 என்னும் பெருங்கணிப்பொறி வந்தபோதும், மாணவர்கள் தத்தம் கணக்குகளை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்தார்கள். நம் தறிவீட்டில் அட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகும் காட்சிக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

துளையும் துளையின்மையும் மட்டும் கொண்டு 21 என்னும் எண்ணை எப்படி எழுதுவது என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. தராசைக் கையாண்ட விவசாயிக்கு இது உடனே விளங்கும். 1, 2, 4, 8, 16 ஆகிய ஐந்து படிக்கற்கள் கையிலிருந்தால், ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். 21 வேண்டுமானால் 16-ஐயும் 4-ஐயும் 1-ஐயும் தட்டில் வைக்கிறோம்; எட்டையும் இரண்டையும் கீழே விடுகிறோம். வைத்த கல்லுக்கு ஒன்று, விட்ட கல்லுக்குச் சுழியம் என்று பெரியதிலிருந்து வரிசையாகக் குறித்தால் 10101. அவ்வளவுதான் இருமை எண். நம் பெரியவர்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று ஒவ்வொன்றையும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனது இதற்கு மறுதிசை. எழுத்துகளும் கணிப்பொறிக்குள் எண்களாகவே இருக்கின்றன. உலகமெங்கும் ஒப்புக்கொண்ட ஒருங்குறிப் பட்டியலில் நம் ‘அ’ என்னும் எழுத்தின் எண் 2949. அதனை இருமையில் எழுதினால் பன்னிரண்டு இடங்கள் கொள்ளும். அட்டையானால் அவற்றுள் ஆறில் மட்டும் துளை விழும். கைபேசியில் அம்மாவுக்கு எழுதும் கடிதம் ஒவ்வொன்றும் இவ்வாறு துளை துளையாகத்தான் ஊருக்குப் போகிறது.

இன்னொன்றையும் அவளுக்குச் சுட்டினோம். ஓர் அன்னம் முடிந்தவுடன் அடுத்த அன்னத்துக்குப் புதிய அட்டைகள் தேவையில்லை. அட்டைகளை நூலால் கோத்துக் கடைசி அட்டையை முதல் அட்டையோடு பிணைத்துவிட்டால், அந்த மாலை சுற்றிச் சுற்றி வந்து முழுச்சேலைக்கும் அன்னம் போட்டுவிடும். கணிப்பொறிப் பாடத்தில் ‘சுழல்’ என்று ஒரு வாரம் நடத்துவது இந்த மாலையைத்தான். இதன் தீங்கும் நெசவாளிக்குத் தெரியும்: ஓர் அட்டையில் ஒரு துளை தவறினால், அத்தவறு ஒரே அன்னத்தோடு நிற்பதில்லை, அத்தனை அன்னத்துக்கும் மூக்கு கோணும். தறிக்கு அன்னம் இன்னதென்று தெரியாது. கணிப்பொறிக்கும் அப்படியே.

கடைவேலை முடிந்ததும், அவள் தோழியின் மடிக்கணினியைக் கடன் கேட்டு வாங்கி வந்தாள். கட்டம் கட்டமாகப் பிரிந்த கணக்குத்தாள் ஒன்றைத் திறந்தோம். டிசைன் வரையும் கட்டத்தாளுக்கு அது தம்பி முறை. பாக்கி, அந்த மாத வட்டி, கட்டும் தவணை, அசலில் கழிவது என்று நான்கு பத்திகள் அமைத்தாள். முதல் வரிசையில் 36,000 என்று பதிந்தாள். வட்டிக்கட்டத்தில் எண்ணைப் பதியாமல், ‘இடப்பக்கத்துப் பாக்கியை ஆண்டு வீதத்தால் பெருக்கிப் பன்னிரண்டால் வகு’ என்று கட்டளையை எழுதினாள். அடுத்த வரிசையின் பாக்கி, முன்வரிசைப் பாக்கியிலிருந்து அசற்கழிவு போக மிஞ்சுவது. அந்த இரண்டாம் வரிசையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் பன்னிரண்டு மாதமும் தாமே நிரம்பிவிடும். இதுதான் அட்டை மாலை.

இழுத்தாள். முதல் மாத வட்டியே 36,000 ரூபாய் என்று வந்து நின்றது! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டு வீதத்தை 12% என்று எழுதுவதற்குப் பதிலாக வெறும் 12 என்று எழுதிவிட்டாள். நூற்றுக்குப் பன்னிரண்டு என்பது ஒன்றுக்குப் பன்னிரண்டாகிவிட்டது. யந்திரம் ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லவில்லை. ஏவியதைச் செய்தது. “அட்டையில் துளை தவறிவிட்டது” என்று அவளே சொல்லிச் சிரித்துத் திருத்தினாள். கணிப்பொறி காட்டும் எண்ணைத் தெய்வவாக்காகக் கொள்ளும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. விடை இத்தனைக்குள் இருக்கவேண்டும் என்ற உத்தேசம் மனத்தில் முன்பே இருந்தால்தான் இத்தகைய தவறு கண்ணிற்படும். அந்த உத்தேசத்தைத் தருவது வாய்ப்பாடு. ஆகவே, வாய்ப்பாட்டைக் கைவிடலாம் என்று சொல்லும் ஆசிரியர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

திருத்திய பிறகு உண்மை வெளிவந்தது. கடையார் போட்ட கணக்கு வேறு விதம். 36,000-க்கு மாதம் 360 வட்டி என்று வைத்து, அந்த 360-ஐயே பன்னிரண்டு மாதமும் வசூலிக்கிறார்கள். அசல் 3,000-உடன் சேர்த்துத் தவணை 3,360. ஆனால், மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே போகிறதல்லவா? கடைசி மாதத்தில் நிற்கும் பாக்கி 3,000 ரூபாய்தான். அந்த மூவாயிரத்துக்கும் ஒரு மாத வட்டி அதே 360! நூற்றுக்கு ஒன்று என்றது அப்போது நூற்றுக்குப் பன்னிரண்டாக நிற்கிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக அவள் கையில் நின்ற அசல், 36,000-க்கும் 3,000-க்கும் நடுவான 19,500. கொடுத்த வட்டி 4,320. எனவே ஆண்டு வீதம் 22-ஐத் தொடுகிறது. கணிப்பொறியில் நுணுக்கமாகக் கணித்தபோது 21½ வந்தது. பன்னிரண்டு என்று சொல்லி இருபத்தொன்றரை வாங்குவதற்குப் பெயர்தான் ‘நிலைவட்டி’.

குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில், அதே 12% வீதத்தில், தவணை 3,199 ரூபாய்தான் வருகிறது. முதல் மாதம் வட்டி 360, அசலில் கழிவு 2,839, பாக்கி 33,161. இரண்டாம் மாதம் வட்டி 332 ஆகக் குறைகிறது. இப்படிக் குறைந்து குறைந்து, ஆண்டு முடிவில் மொத்த வட்டி ஏறத்தாழ 2,383. இரண்டுக்கும் வித்தியாசம் 1,937 ரூபாய். ஒரு நெசவாளி அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் மிதி மிதிக்கவேண்டும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் இப்போது மாணவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிமனிதருக்குக் கடன் கொடுக்கும்போது, எல்லாச் செலவும் அடங்கிய ஆண்டு வீதம் இன்னதென்று காட்டும் முக்கிய விவரப் பட்டியலைக் கையில் கொடுக்கவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 1-10-2024 முதல் வழங்கும் புதிய கடன்களுக்கு இது கட்டாயம். கைபேசி வழியே கடன் கொடுக்கும் செயலிகள், கடனாளியின் தொலைபேசி முகவரிப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாதென்பது 2022-இல் வந்த விதி. ‘உன் உறவினருக்கெல்லாம் செய்தி அனுப்புவோம்’ என்று மிரட்டுகிற செயலி ஒன்று அகப்பட்டால், அது விதிக்கு வெளியே நிற்கிறது என்பதை மாணவன் அறிந்திருக்கட்டும். மிரட்டலுக்கு அஞ்சிப் பெற்றோரிடம் மறைப்பதுதான் பெருங்கேடு.

படிப்புக்கே கடன் தேவைப்படுவோர் வங்கியின் கல்விக் கடனை முதலில் விசாரிப்பது நலம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை என்பது பொதுவான ஏற்பாடு. ஆனால், தவணைதான் நிற்கிறதே ஒழிய வட்டி நிற்பதில்லை. முதலாண்டில் வாங்கிய ஒரு லட்சத்துக்கு 10% தனிவட்டியில், நான்காண்டுப் படிப்பும் ஓராண்டு ஓய்வும் முடியும்போது வட்டி மட்டும் 50,000 நிற்கும். இடையிடையே அந்த வட்டியையாவது கட்டிவரும் குடும்பங்கள் பின்னால் மூச்சுத் திணறுவதில்லை.

மாலையில் அவளை மயிலாப்பூரில் கொண்டுபோய் விட்டோம். மாட வீதிகளைச் சுற்றி வரும்போது பேச்சு கடனிலிருந்து சேமிப்புக்குத் திரும்பியது. வட்டி கூடுதலாகக் கிடைக்கும் இடத்தில் பணத்தைப் போடுவது நல்லதுதானே என்று அவள் கேட்டாள். இந்தக் கேள்விக்கு மயிலாப்பூரைவிடப் பொருத்தமான ஊர் இராது.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-இல் சென்னையின் பெயர்பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. ஓய்வூதியக்காரர், விதவைகள், சிறு வணிகர், வக்கீல்கள் என்று பலதரத்தாரும் அதில் வாழ்நாட் சேமிப்பைப் போட்டிருந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பின்னர் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பணம் போட்டவர்களுக்கு அதனால் வயிறு நிறையவில்லை. வீழ்ச்சியின் வழக்குகளில் முன்னின்றவரான மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அழுதுகொண்டிராமல், நம்மவரே நடத்தும் வங்கி ஒன்று வேண்டுமென்று முயன்றார். அம்முயற்சியில் 1907 ஆகஸ்டு 15-இல் வேலை தொடங்கியதுதான் இந்தியன் வங்கி.

அதே மயிலாப்பூரில் 1872-இலேயே தோன்றியது இந்து பெர்மனண்ட் பண்டு. அங்கத்தினரே பணம் போட்டு, அங்கத்தினரே கடன் பெறும் ‘நிதி’ வகையைச் சேர்ந்தது. கூட்டுறவுச் சட்டம் 1904-இல் வருவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுக்கு முன்பே பிறந்த ஸ்தாபனம் அது. ஆர்பத்நாட் வீழ்ந்த காலத்திலும் நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தப் பெயரை நம்பி முதியவர்கள் பலர் பணம் போட்டிருந்தார்கள். முதிர்ந்த வைப்புகள் திரும்பவில்லை என்று முறையீடுகள் குவிந்து, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசார் கைதுசெய்தனர். குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லவேண்டும். நாம் சொல்ல வருவது வேறு. நூற்றைம்பது ஆண்டுப் பழமை ஒரு ஸ்தாபனத்தின் கடந்தகாலத்தைச் சொல்லுமே தவிர, அதன் இன்றைய கணக்கைச் சொல்லாது.

வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு காப்பு இருக்கிறது. 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததன் பின்னர், 1962 ஜனவரி முதல் நாளில் வைப்புக் காப்பீடு தொடங்கியது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காத்தது. 1993-இல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இக்காப்பு உண்டு. நிதிகளுக்கு இல்லை. நம் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் இல்லை என்பதை நம் பத்திரிகையிலேயே நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? சங்கங்களில் போடவேண்டாம் என்பது இதற்குப் பொருளன்று. சங்கத்தில் பணம் வைத்திருப்பவன் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்த் தணிக்கை அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். காப்பீடு இல்லாத இடத்தில் அங்கத்தினரின் கண்தான் காப்பு. கூட்டத்துக்கு வராமல் கையொப்பத்தை மட்டும் அனுப்பிவைக்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே இல்லாமலில்லை.

நகைக்கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டத்தில் தன் சித்தி கட்டிவருவதாகவும், அது ஏன் எப்போதும் பதினொரு மாதமாகவே இருக்கிறதென்றும் அவள் கேட்டாள். சரக்குக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் சரக்கைக் கொடுத்துவிடவேண்டும். கொடுக்காவிட்டால் அது வைப்புநிதியாகக் கருதப்பட்டு, கம்பெனிச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டு வைப்பு விதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். பதினொரு மாதத்தின் இரகசியம் அதுதான். அங்கே போடுகிற பணம் நகைக்கு முன்பணமே. அதற்கும் வைப்புக் காப்பீடு கிடையாது.

கைபேசியில் பணம் செலுத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்தோம். 2016-இல் வந்த யு.பி.ஐ. முறையை இன்று பூக்கடைப் பாட்டியும் கையாள்கிறாள். நான்கு இலக்க இரகசிய எண்ணானால் பத்தாயிரம் விதம். ஆறு இலக்கமானால் பத்து லட்சம் விதம். இரண்டு இலக்கம் கூடியதும் நூறு மடங்கு. ஒவ்வோர் அடியிலும் பெருகுவதில் வட்டிக்கு வட்டியின் உறவுமுறைதான் இது. பணம் அனுப்புவதற்கு மட்டுமே இரகசிய எண் வேண்டும்; பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. ‘பரிசு அனுப்புகிறோம், எண்ணை அழுத்து’ என்பவன் எடுக்க வந்தவன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கவேண்டும்; காலம் கடந்தால் பணம் கைமாறிப் போய்விடும். கணக்குகளை இரண்டிடத்தில் வைத்திருப்பதும் அவசியம். மூலப்படம் இல்லாமல் அட்டைகளைக் கரையானுக்குக் கொடுத்த வீடுகள் காஞ்சியில் உண்டு, அவளுக்கே தெரியும்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் அவள் தந்தை நம்மைத் தேடி வந்தார். கையில், மகள் அச்செடுத்து அனுப்பியிருந்த பட்டியல். கடைத் தவணையைக் கைவிட்டு, அவர் கணக்கு வைத்திருக்கும் நகரக் கூட்டுறவு வங்கியில், குறையும் பாக்கிக்கு 12% என்னும் வீதத்தில் அதே 36,000-ஐக் கேட்டிருக்கிறார், கிடைத்துவிட்டது. அவருக்கு ஒரு சந்தேகம். பன்னிரண்டு வரிகளையும் இரவு விளக்கில் வாய்ப்பாட்டைக் கொண்டே கூட்டிச் சரிபார்த்திருக்கிறார். எல்லாம் பொருந்துகிறது. ஆனால், பதினொரு மாதம் 3,199 என்று போட்டுவிட்டு, கடைசி மாதத்துக்கு மட்டும் 3,193 என்று மகள் எழுதியிருக்கிறாளே, அந்த ஆறு ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டார்.

தவணையின் உண்மைக் கணக்கு 3,198 ரூபாய் 56 பைசா. முழு ரூபாயாக்கி மாதம் 44 பைசா கூடுதலாகக் கட்டுகிறோம். பதினொரு மாதக் கூடுதலும் அதற்குரிய வட்டிக் குறைவும் சேர்ந்து கடைசியில் கழிகிறது. இதைச் சொன்னதும் அவர் பென்சிலை எடுத்துப் பட்டியலின் ஓரத்தில் தாமும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று தறிக்குப் புறப்பட்டார்.